சுவரில் மாட்டிய முதுகு

அச்சகத்திலிருந்து சுவரொட்டிக் கட்டு வந்து இறங்கிய அன்று சுகாதாரப் பணிமனையில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம், தனுஷிகா ஒருத்தியைத் தவிர. கட்டைப் பிரித்து முதல் தாளை மேசையில் விரித்த டொக்டர் நிரூபா, "வடிவா வந்திருக்கு" என்றார். மற்றவர்கள் சூழ்ந்துகொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

படத்தில் தேயிலை மலையில் ஒரு கொழுந்துக்காரி பக்கவாட்டில் நிற்கிறாள். தலையில் கயிறு, முதுகில் கூடை. கூடைக்கு மேலே முதுகு வளைந்து எழும்பி, முகம் தரையைப் பார்க்கிறது. கீழே கொட்டை எழுத்தில், 'கூன் விழுவது வயதின் குணமல்ல. எலும்பு உள்ளுக்குள் உளுத்துப்போவதன் அடையாளம். இன்றே வந்து பரிசோதியுங்கள்.'

அந்தக் கொழுந்துக்காரியின் பெயர் மீனம்மா. தனுஷிகாவைப் பெற்றவள். இந்த விஷயம் பணிமனையில் ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவளும் தனுஷிகாதான்.

படம் எதற்கு என்று முதலில் சொல்லிவிட வேண்டும். அதற்கு முன்பு பணிமனையில் இருந்த சுவரொட்டியில் ஒரு வெள்ளைக்கார மூதாட்டி குனிந்து நின்றாள். தோட்டத்துப் பெண்கள் அவளைப் பார்த்துவிட்டு, "அது வெள்ளக்காரங்களுக்கு வர்ற நோவுங்க. நம்ம முதுகு கூடை தூக்கித் தூக்கி வளைஞ்ச முதுகு" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். எத்தனை தரம் சொன்னாலும் கதை அதோடு முடிந்தது. அப்போதுதான் டொக்டர் நிரூபாவுக்கு இந்த யோசனை வந்தது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், மலைக்கு வந்து நாலைந்து வருடம் இருக்கும், வேலை என்றால் வேலை என்று நிற்கிறவர்.

"இந்த மலையில இருக்கிற ஒரு ஆளின்ர படம் வேணும் தனுஷிகா. தங்கட ஆள் எண்டாத்தான் சனம் நிண்டு பார்க்கும். நீர் ஹட்டன்தானே, உமக்குத்தான் லேசு."

நீர் ஹட்டன்தானே! வேலைக்குச் சேர்ந்த நாளில் எங்கே வீடு என்று கேட்டபோது, "ஹட்டன் பக்கந்தான்" என்று தனுஷிகா சொல்லியிருந்தாள். அது பெரிய பொய்யும் இல்லை. ஆனால் சேர்ந்த முதல் வாரத்திலேயே, தேத்தண்ணி நேரத்தில் யாரோ ஒருவர், "லயத்து ஆக்களுக்கு என்னதான் படிச்சுப் படிச்சுச் சொன்னாலும் மண்டையில ஏறாது" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கூடச் சேர்ந்து அவளும் சிரித்துத் தொலைத்தாள். சிரித்த வாயால் பிறகு எப்படிச் சொல்வது, நான் சவுக்குமலைத் தோட்டத்து மேல் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள், எங்க அம்மா இன்றைக்கும் மலையில் நிற்கிறாள் என்று? ஒரு நாள் தள்ளிப் போட்டாள், ஒரு மாதம் தள்ளிப் போட்டாள், அப்புறம் அது சொல்ல முடியாத விஷயமாகவே ஆகிவிட்டது. ஹட்டனில் ஓர் அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் பணிமனை ஆட்கள் யார் கண்ணிலும் படாமல் தோட்டத்துக்குப் போய் வந்தாள்.

அப்படிப் போன ஒரு ஞாயிறுதான் படம் எடுத்தாள். கிழவிகளாகத் தேடி யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கக் கூச்சம். கூச்சமில்லாமல் கேட்கக் கூடிய ஒரே ஆள் பெற்ற தாய்தானே.

சவுக்குமலைத் தோட்டத்துக்குக் கீழே பெரிய றோட்டு. வெளிநாட்டுக்காரர்கள் வேனை நிறுத்திவிட்டு மலையில் ஏறிப் படம் எடுப்பது அங்கே அன்றாடக் கூத்து. கமராவைக் கண்டதும் என்ன செய்ய வேண்டும் என்று கொழுந்து எடுக்கிற பெண்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. தலைத்துணியை இழுத்துச் சரிசெய்வார்கள், கொழுந்தை ஒரு பிடி கையில் தூக்கிக் காட்டுவார்கள், பல் தெரியச் சிரிப்பார்கள். மீனம்மாவும் அதைத்தான் செய்தாள். அதோடு விட்டாளா? தீபாவளிக்கு மகள் எடுத்துக் கொடுத்த நீலச் சேலையைக் கட்டி, கொல்லையில் இருந்த டேலியாப் பூவைக் கொண்டையில் செருகிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமையும் கூடையை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஒங்க ஆபீசுல மாட்டுவாங்களா புள்ள?"

"மாட்டுவாங்க."

"எல்லாரும் பாக்குற மாரியா?"

"ம்."

மீனம்மா மூச்சை இழுத்துப் பிடித்து, முடிந்த மட்டும் நிமிர்ந்து நின்றாள். அந்த நிமிர்வில் அவளுக்கு வலி எடுத்திருக்கும். தனுஷிகா நாலைந்து படம் எடுத்தாள். எல்லாவற்றிலும் மீனம்மா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். எல்லாம் முடிந்து, "போதுமா?" என்று கேட்டுவிட்டு மீனம்மா திரும்பி, மூச்சை விட்டு, மேட்டில் ஏறத் தொடங்கினாள். உடம்பு பழைய கோலத்துக்குத் திரும்பியது. கூடை முன்னைப்போல் இடுப்பில் இல்லை. ஆள் குறுகிப்போனதில் கீழிறங்கித் தொடையில் இடித்தது. அந்த நேரத்தில் தனுஷிகாவின் விரல் இன்னொரு தரம் அமுக்கியது.

டொக்டருக்கு எல்லாப் படத்தையும் காட்டினாள். அவர் கை நேரே அந்தக் கடைசிப் படத்துக்குப் போனது. போகாமல் என்ன செய்யும்? அதுதான் வேலைக்கு ஆகிற படம்.

"ஆர் இந்த அம்மா? உமக்குத் தெரிஞ்சவவோ?"

அந்த ஒரு கேள்விக்கு, ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"இல்ல டொக்டர். சவுக்குமலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்குறவங்க. றோட்டோரமா நின்னாங்க."

"அவவைக் கேட்டுத்தானே எடுத்தனீர்?"

"கேட்டுட்டேன் டொக்டர்."

பெற்ற தாயை றோட்டோரத்தில் நிறுத்திவிட்டு வந்துவிட்டாள். சொன்ன பிறகு கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்து முகத்தை அலம்பினாள். வெட்கம் தண்ணீரில் போகிற சாமானா?

இதைவிட வெட்கம் ஒன்று அடியில் கிடந்தது. அதைச் சொல்லத்தான் நாக்குக் கூசுகிறது. போன வருடம் அடைமழைக்குள் மீனம்மா தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்தில் சறுக்கி, கையை ஊன்றி விழுந்தாள். பெரிய விழுகை இல்லை, எழுந்து சேலையை உதறிக்கொண்டு நடந்து வந்துவிட்டாள். ஆனால் மணிக்கட்டு முறிந்திருந்தது. சிங்கள நாட்டு வைத்தியர் வெத மாத்தயாவிடம் போய் எண்ணெய் போட்டுக் கட்டினாள், கை கோணலாகப் பொருந்தியது. சின்ன விழுகையில் எலும்பு முறிந்தால் அதை விடக்கூடாது, மாதவிடாய் நின்றுபோன பெண் என்றால் உடனே கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று தோட்டம் தோட்டமாகப் போய்த் தொண்டை வறளப் பேசுகிறவள் தனுஷிகா. சொந்தத் தாய்க்கு மட்டும், "பாலு குடிங்கம்மா" என்று இரண்டு பால்மா பைக்கற்றை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தாள். கிளினிக்குக்குக் கூட்டி வந்தால் எல்லோரும் பார்த்துவிடுவார்களே! லீவு கிடைக்கட்டும், கண்டிக்குக் கூட்டிப் போய்க் காட்டலாம் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். லீவும் கிடைத்தது. போகத்தான் இல்லை.

சுவரொட்டி வந்து இரண்டாம் வாரம் டொக்டர் நிரூபா குண்டைத் தூக்கிப் போட்டார்.

"அடுத்த கூட்டத்தைச் சவுக்குமலையில வைப்பம். படத்தில இருக்கிற அம்மா அங்கதானே? அவவுக்கு ஒரு நன்றி சொல்லோணும். கிளினிக்குக்கும் முதல்ல அவவைத்தான் எடுக்கோணும். தோட்டத்துத் தலைவருக்கு நான் சொல்லிப்போட்டன்."

பாதை சரியில்லை என்றாள் தனுஷிகா, இப்போது கொழுந்துக் காலம் என்றாள், அங்கே ஆட்கள் வர மாட்டார்கள் என்றாள். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் கூட்டத்துக்கு முந்தின சாயந்திரம் ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு அம்மாவுக்கு டெலிபோன் எடுத்தாள். நேரே போய்ச் சொல்ல அவளுக்கு முகம் இல்லை.

"தெரியுமே புள்ள!" என்றாள் மீனம்மா, எடுத்த எடுப்பில். "தலைவரு சொன்னாரு, மடுவத்துல கூட்டமாம். ஒங்க டொக்டரம்மா என்னையப் பாக்கணும்னு கேட்டாங்களாமே. தேத்தண்ணிக்கு நான் பாத்துக்கிறேன். பால்மா ரெண்டும் அப்படியே இருக்கு, நீ வந்தா போடலாம்னு வச்சிருக்கேன்."

"அம்மா, நீங்க நாளைக்கு வராம இருங்களேன்."

"ஏன்டி?"

பஸ்காரன் நோர்வூட், மஸ்கெலியா என்று கத்திக்கொண்டிருந்தான். அவன் கத்தி முடியட்டும் என்று காத்திருப்பதுபோல் அவள் காத்திருந்தாள்.

"ஆபீசுல யாருக்கும் தெரியாதும்மா. நான் லயத்துப் புள்ளைன்னு. நீங்க என்னோட அம்மான்னு."

லைன் அறுந்துவிட்டதோ என்று தனுஷிகா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"நான் வராட்டி டொக்டரம்மா வீட்டுக்கே தேடி வந்துருவாங்களே" என்றாள் மீனம்மா. குரலில் கோபம் இல்லை. ஒரு சிக்கலை எப்படி அவிழ்ப்பது என்று யோசிக்கிறவளின் குரல். "சரி, நீ ஒண்ணும் யோசிக்காத. நான் பாத்துக்கிறேன். வையி."

என்னத்தைப் பார்த்துக்கொள்வாள் என்று தனுஷிகாவுக்கு விளங்கவில்லை. லயத்தில் நூறு வாய். எந்த வாய் எப்போது திறக்கும்? மேடையில் நிற்கும்போதே ராக்காயி, "அடியேய் தனு, என்னாடி இப்படி மெலிஞ்சு போயிட்ட" என்று கட்டிப் பிடித்தால் குட்டு உடைந்துபோகும். ராக்காயி லயத்தில் பக்கத்துக் காம்பராவில், ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவள். மீனம்மா மலைக்குப் போன நாளெல்லாம் தனுஷிகாவைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டியவள்.

மறுநாள் பகல், பணிமனை வேன் மடுவத்து வாசலில் போய் நின்றது. மடுவம் என்றால் கொழுந்து நிறுக்கிற கொட்டகை. காலை நிறுவை முடிந்து, பச்சைக் கொழுந்து வாசனை இன்னும் போகாமல் நின்றது. பெண்கள் கூடையைச் சுவரோரம் அடுக்கிவிட்டு, இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கோடு, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டொக்டரும் தனுஷிகாவும் இறங்கியதும் எல்லோரும் எழும்பினார்கள்.

"வணக்கம் டொக்டரம்மா. வணக்கம் மிஸ்" என்றாள் ராக்காயி.

தனுஷிகா திடுக்கிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள். ராக்காயி அவளைப் பார்க்கவில்லை, டொக்டரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள்.

"வாங்க மிஸ்" என்றாள் அடுத்து நின்ற நாகலெட்சுமி.

"மிஸ், இந்தக் கதிரையில உக்காருங்க" என்றாள் ஜீவராணி. தனுஷிகாவோடு ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவள் அவள்.

ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லோரும் மிஸ் என்றார்கள். கடைசி வரிசையில் இருந்த ஒரு கிழவி மட்டும் வாய் தவறி, "ஏ தனு" என்று ஆரம்பித்தாள். பக்கத்தில் இருந்தவள் தொடையில் கிள்ளியதும் கிழவி இருமிச் சமாளித்தாள். அப்போதுதான் தனுஷிகாவுக்கு எல்லாம் விளங்கியது. நேற்றுச் சாயந்திரம் அம்மா போனை வைத்துவிட்டு, காம்பரா காம்பராவாகப் படியேறி இறங்கியிருக்கிறாள். எம் புள்ள இந்த வேலையில இருக்கா, நாளைக்கு அவள யாரும் தெரிஞ்ச மாரி காட்டிக்காதீங்க என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கேட்டிருக்கிறாள். அந்த வளைந்த முதுகோடு. பூமி பிளந்து தன்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது தனுஷிகாவுக்கு.

மீனம்மா முன் வரிசையில், நீலச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். மகளைப் பார்த்து மற்றவர்களைப் போலவே கையெடுத்துக் கும்பிட்டாள்.

வேன் சாரதி சுவரொட்டியைக் கொண்டுவந்து தராசுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினான். மீனம்மா ஆவலாக எழும்பிப் போனாள். மலையெல்லாம் சொல்லி வைத்திருந்தாள் அல்லவா, என் படம் ஆபீசில் மாட்டப் போகிறார்கள், பூ வைத்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன் என்று. பின்னால் இரண்டு மூன்று பெண்களும் போனார்கள். போனவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

மீனம்மாவின் காம்பராவில் இருப்பது முகம் மட்டும் தெரிகிற கண்ணாடி. தன் முதுகை அவள் ஜென்மத்தில் பார்த்ததில்லை. சுவரில் இருந்த முதுகின் மேல் விரலை வைத்து மெல்லக் கீழே கொண்டுவந்தாள்.

"இது நானா?" என்று ராக்காயியிடம் கேட்டாள்.

ராக்காயியின் கண் திரும்பித் தனுஷிகாவை ஒரு பார்வை பார்த்தது. செருப்பால் அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. மீனம்மா திரும்பி வந்து, முந்தானையை இழுத்து முதுகை மூடிக்கொண்டு, இருந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

இந்த நிலையில் தனுஷிகா பேச வேண்டியிருந்தது. வாய் பழகிய பேச்சு, அது தன்பாட்டில் வந்தது.

"எலும்பு வெளியில பாத்தா நல்லாத்தான் இருக்கும். உள்ளுக்குள்ள கரையான் தின்ன பலகை மாதிரி ஓட்டை விழுந்துகிட்டே வரும். வலிக்காது, அதனால தெரியாது. மாதவிடாய் நின்ன பொறகுதான் வேகமா போகும். தேத்தண்ணியும் ரொட்டியும் மட்டும் போதாது. பாலு, தயிரு, தலையோட நெத்தலி, கீரை, குரக்கன், இதெல்லாம் சேக்கணும். புள்ளைகளுக்கும் புருஷனுக்கும் குடுத்துட்டு மிச்சம் இருந்தா குடிக்கலாம்னு நெனச்சா, மிச்சம் ஒரு நாளும் இருக்காது."

பெண்கள் சிரித்தார்கள். எல்லாத் தோட்டத்திலும் இந்த இடத்தில் சிரிப்பார்கள்.

மீனம்மா கையை உயர்த்தினாள். பள்ளிக்கூடப் பிள்ளை உயர்த்துகிற மாதிரி.

"அப்ப முதுகு வளையுறது கூடையால இல்லைங்களா மிஸ்?"

இத்தனை காலம் வீட்டில் வைத்துச் சொல்ல வேண்டிய பதில் அது.

"கூடை தூக்குனா முதுகு வலிக்கும். ஆனா இப்படிக் கூன் விழுந்து ஆளு குள்ளமா போறது, உள்ளுக்குள்ள முதுகெலும்பு நசுங்குறதால. சும்மா இருக்கும்போதே நசுங்கும். அதுக்கு மருந்து இருக்கு. வளைஞ்சத நிமித்த ஏலாது, இனிமே முறியாம காப்பாத்தலாம்."

"எப்ப காட்டணுங்க?"

"லேசா விழுந்து மணிக்கட்டு முறிஞ்சா, அப்பவே காட்டணும். அதுதான் முதல் எச்சரிக்கை. விட்டா அடுத்தது இடுப்பு. இடுப்பு முறிஞ்சா..."

தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் குடிக்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டொக்டர் நிரூபா எழும்பி வந்து மீனம்மாவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். படத்துக்கு நன்றி சொன்னார். கையைப் பிடித்து மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"இது எப்ப முறிஞ்சது அம்மா?"

"போன வருசம் மழைக்குங்க."

"ஒரு வருசமா? ஏனம்மா அப்பவே கிளினிக்குக்கு வரேல்லை? வரச்சொல்லி ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"சொல்ல யாருங்க இருக்கா?" என்றாள் மீனம்மா.

டொக்டர் தலையை ஆட்டினார். "வாற வியாழக்கிழமை கட்டாயம் வரோணும். பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி எலும்பை ஸ்கான் பண்ணிப் பார்ப்பம். கிழமைக்கு ஒருக்கா எடுக்கிற குளிசை இருக்கு, வெறும் வயித்தில நிறையத் தண்ணியோட குடிச்சிட்டு, அரை மணித்தியாலம் படுக்காமல் இருக்கோணும். கூட ஒரு ஆள் இருந்தா நல்லம். இது குடும்பத்துக்குள்ள வாற எலும்பு வருத்தம் அம்மா, பிள்ளையளுக்கும் இப்பவே சொல்லி வைக்கோணும். உங்களுக்கு எத்தினை பிள்ளையள்?"

மீனம்மா நிலத்தைப் பார்த்தாள்.

"இல்லைங்க."

"ஒருத்தரும் இல்லையோ?"

"குடுத்து வைக்கலைங்க."

எத்தனை கோயில் ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை. அப்பன் செத்த பிறகு கூடையைச் சுமந்து உயர்தரம் வரைக்கும் படிக்க வைத்த பிள்ளை. அந்தப் பிள்ளை ஓர் எட்டுத் தூரத்தில் நிற்கும்போது, குடுத்து வைக்கலைங்க என்று சொல்ல ஒரு தாய்க்கு நெஞ்சு எப்படித் துணிந்திருக்கும்! இனிமேல் ஒரு நிமிடமும் தாங்காது என்று தனுஷிகாவுக்குத் தோன்றியது.

"இருக்கு டொக்டர். நான்தான் மக. இவங்க எங்க அம்மா."

சொல்லிவிட்டாள். இடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். இடி விழவில்லை. ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தாள். சிரித்தது மீனம்மா.

"மிஸ்ஸுக்கு எளகுன மனசுங்க டொக்டரம்மா" என்றாள் மீனம்மா. "எனக்கு ஆளில்லைன்னதும் பொறுக்கல அவங்களுக்கு."

"இல்ல டொக்டர், நெசமாத்தான் சொல்றேன். என்னையப் பெத்தவங்க!"

"பாத்தீங்களா, அழுகையே வந்திருச்சு" என்று மீனம்மா கும்பிட்டாள். "நல்லா இருப்பீங்க மிஸ்."

தனுஷிகா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாம் தெரிந்த முகங்கள், எல்லாம் பூட்டிய வாய்கள். ராக்காயியிடம் போய்க் கெஞ்சினாள். "பெரியம்மா, நீங்களாச்சும் சொல்லுங்க!"

ராக்காயி டொக்டரைப் பார்த்தாள். "மீனம்மாவுக்குப் புள்ள கெடையாதுங்க" என்றாள் அழுத்தமாக. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாளா, நறுக்கென்று திருப்பிக் கொடுத்தாளா என்று தனுஷிகாவுக்குத் தெரியவில்லை.

டொக்டர் நிரூபாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல மனுஷி, பார்த்ததை அப்படியே நம்புகிறவர். "இப்படி ஒரு பிள்ளை எங்களோட வேலை செய்யிறது எங்களுக்குப் பெருமை. எல்லாரும் மிஸ்ஸுக்கு ஒருக்காக் கைதட்டுங்கோ" என்றார்.

தட்டினார்கள். மடுவத்துத் தகரக் கூரையில் அந்தச் சத்தம் மழை மாதிரி எழும்பியது. முன் வரிசையில் மீனம்மாவும் தட்டினாள். தனுஷிகா நடுவில் நின்று, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, அந்தக் கைதட்டல் முழுவதையும் வாங்கிக்கொண்டாள். யாருக்கும் இப்படி ஒரு கைதட்டல் வர வேண்டாம்.

கூட்டம் கலைந்தது. பெண்கள் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்கும் லயத்துக்குமாகப் பிரிந்தார்கள். டொக்டர் வேனில் ஏறி, பக்கத்து ஆசனத்தில் இருந்த பையை எடுத்து இடம் விட்டார். தனுஷிகா ஏறவில்லை.

"என்ன தனுஷிகா, ஏறுமன்."

"நான் வரல டொக்டர். என் வீடு இங்கதான். மேல் லயத்துல கடைசிக் காம்பரா."

இந்த முறை அவள் அழவில்லை, சத்தமும் போடவில்லை. அதனால்தானோ என்னவோ டொக்டர் அவள் முகத்தை நின்று பார்த்தார். பிறகு, படியேறிப் போய்க்கொண்டிருந்த மீனம்மாவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கைதட்டச் சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், அவர் முகமும் சிவந்துபோனது.

"தெரிஞ்சவவோ எண்டு நான் கேக்கேக்க இல்லை எண்டு சொன்னனீர்."

"ஆமா டொக்டர்."

அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தனுஷிகாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "வியாழக்கிழமை முதல் நம்பர் அவவுக்கு. நீர் கூட்டிக்கொண்டு வாரும். வேலைக்கு இல்லை, மகளா வாரும்" என்றார். கதவைச் சாத்தினார். வேன் கீழ் வளைவில் திரும்பி மறைந்தது.

தனுஷிகா ஓடிப்போய் அம்மாவைப் பிடித்தாள். லயத்துக்குப் போகிற ஒற்றையடிப் பாதை, காலையில் பெய்த மழையில் ஊறிக் கிடந்தது. மீனம்மா ஒரு கையால் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

"அம்மா, கூடையக் குடுங்க, நான் தூக்குறேன்."

மீனம்மா கொடுக்கவில்லை.

"டொக்டர்ட்ட சொல்லிட்டேம்மா. நெசமா சொல்லிட்டேன். நம்பிட்டாங்க. வியாழக்கெழமை நாந்தான் ஒங்களக் கூட்டிட்டுப் போவேன்."

மீனம்மா நின்றாள். வியாழக்கிழமை போவதா வேண்டாமா என்று யோசித்ததுபோல் இருந்தது. "வர்றேன்" என்றாள். மகள் முகத்தைப் பார்க்கவில்லை. நடந்தாள். தனுஷிகாவுக்கு உயிர் திரும்பி வந்தது. அம்மா திட்டட்டும், அடிக்கட்டும், வீட்டுக்குப் போனதும் காலில் விழுந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு பின்னாலேயே ஏறினாள்.

சவுக்கு மரம் தாண்டி மேல் முடுக்குத் திருப்பம் வந்தது. கீழே மடுவமும் தெரியவில்லை, றோட்டும் தெரியவில்லை. முன்னாலும் பின்னாலும் ஓர் ஆள் இல்லை. மீனம்மா ஒதுங்கி நின்று மகளுக்கு வழி விட்டாள்.

"இங்கன வழுக்கும்" என்றாள். "பாத்து வாங்க மிஸ்."